ஜோக்கர் ஏன் இரண்டு

அந்தக் காலத்தில் சீட்டுகள் பேசும். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு என்று நான்கு தெருக்கள், தெருவுக்கு ஒரு ராஜா, எல்லாம் இன்று போலத்தான். ஆனால் ஆட்டின் தெருவின் கடைசியில் ஒரு வீடு கூடுதலாக இருந்தது. அதில் வேலப்பன் தன் மனைவி சொர்ணத்தோடு குடியிருந்தான். அந்தத் தெருக்காரர் எல்லோரையும் போல அவர்கள் நெற்றியிலும் சிவப்புக் குறி உண்டு. எண் மட்டும் இல்லை. எண் இல்லாதவனுக்கு என்ன வேலை? எல்லா வேலையும்தான்.

தினமும் காலையில் ஒவ்வொரு தெருவும் வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் ஓர் ஆள் குறைந்தாலும் ஆட்டக்காரர் அந்தத் தெருவையே கலைத்து எறிந்துவிடுவார். அதனால் எவருக்கு முடியாமல் போனாலும் வேலப்பனைத் தேடி ஆள் வரும். ஆட்டின் ஜாக்கிக்குப் பல்வலி வந்தபோது அவன் இடத்தில் நின்றான். டைமன் ராணி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனபோது, மீசையையும் நெற்றியையும் முக்காட்டால் மூடிக்கொண்டு அங்கேயும் நின்றான். முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது. சொர்ணம் வைக்கிற ரசத்தைச் சூடாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒருநாள் இஸ்பேடு ஏழுக்குக் காய்ச்சல். அந்தத் தெரு ராஜாவே நேரில் வந்துவிட்டார்.

“வேலப்பா, ஏழு எந்திரிக்கவே மாட்டேங்கறான். வந்து நில்லு.”

“இடுப்பு விட்டுப்போச்சுங்க. இன்னைக்கு ஒருநாள்…”

“உன்ன விட்டா யாரு இருக்கா? ஆனா முக்காடெல்லாம் வேணாம். ஆட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துடுச்சு, விலக்கிப் பாக்கறாரு. குறிய அழிச்சிட்டு வா. சாயங்காலம் நானே திரும்ப வெச்சு விடறேன்.”

“அழிக்காதீங்க, அப்புறம் வீடு நம்முது இல்ல” என்றாள் சொர்ணம். வேலப்பனுக்கு ராஜாவோடு வாதாடத் தெம்பில்லை. தேங்காய் நாரால் நெற்றியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் போய் நின்றான். இஸ்பேடு தெரு பிழைத்தது.

சாயங்காலம் ராஜா படுத்துவிட்டாராம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். வேலப்பன் காலை இழுத்துக்கொண்டு தன் தெருவுக்கு வந்தான். தெரு வாசலில் ஜாக்கி காவல் நின்றான்.

“குறி எங்கண்ணே?”

“நாந்தாம்ப்பா. உனக்குப் பல்வலி வந்தப்ப உன் இடத்துல நின்னேனே.”

“தெரியுதுண்ணே. குறி இல்லாம உள்ள விட்டா என் வேலை போயிடும்.”

சொல்லிவிட்டு ஜாக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்றும் அவன் பக்கவாட்டில்தான் பார்க்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலப்பனுக்குக் கோபம்கூட வரவில்லை. எத்தனை பேராக நின்றாகிவிட்டது, நாமாக நிற்க ஓர் இடமில்லையே என்று நினைத்தான். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்தவும் தெம்பில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சத்தம் கேட்டு சொர்ணம் ரசப் பாத்திரத்தோடு வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் தன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். துடைத்த வேகத்தில் முகத்துச் சாயமும் சேர்ந்து போய்விட்டது.

“நீ ஏன் இப்படிப் பண்ணின?” என்றான் வேலப்பன்.

“ரசம் ஆறுது. எங்க உக்காந்து சாப்பிடலாம், சொல்லுங்க” என்று வாசலைத் தாண்டி வெளியே வந்தாள்.

பிற்பாடு வெள்ளைக்காரர்கள் வந்து, அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து ஜோக்கர் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை செய்பவன் என்று அர்த்தமாம். எதற்குச் சிரித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரம்மியில் எந்தச் சீட்டுக் குறைந்தாலும் இன்னமும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் முதல் ரம்மியில், அந்த அசல் வரிசையில் மட்டும் சேர்க்க மாட்டார்கள், அது வீடுள்ளவர்களுக்காம்.

சொர்ணம் வாசலைத் தாண்டிய அன்று முதல்தான் சீட்டுக்கட்டில் ஜோக்கர்கள் இரண்டு பேராக இருக்கிறார்கள், ஒன்று வண்ணத்தோடு, ஒன்று சாயம் போய்.