தெற்கே கத்திய பல்லி

பூவுலிங்கத்துக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய குருவுக்கோ அவரைவிடப் பத்து வயது குறைவு. அதனால் சீடர் குருவைச் 'சாமி' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். மொட்டைப்பாறையின் உச்சிக் குகையில் இந்த மரியாதையிலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அன்று மத்தியானம் ஆடு மேய்க்கும் முப்பிடாதி மலையேறி வந்து சேதி சொல்லிவிட்டுப் போனாள். பூவுலிங்கத்தின் மகள் சந்தனமாரிக்கு இடுப்பு வலி கண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். தலைப்பிரசவம். அப்பா வரணும் என்று சொல்லிவிட்டாளாம்.

கேட்டதும் பூவுலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பல்லி கத்தியது. அதுவும் தெற்கே இருந்து.

துண்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர்தான். தெற்கு எமன் திசை. கிழக்கே ஒரு தரம் கத்திவிட்டால் கிளம்பிவிடலாம் என்று பொழுது சாய்கிறவரை காத்திருந்தார். அடிவாரத்தில் கடைசி பஸ் விளக்கு வைக்கிற நேரத்துக்கு. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை அவருக்கும் தெரியும். பயந்தவன் காதில் பழமொழி ஏறுமா?

சாமி சுனையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"இன்னும் போகலையா அண்ணாச்சி?"

"தெற்கே சொல்லிட்டுது சாமி. கிழக்கே சொல்லட்டும்னு இருக்கேன்."

"கிழக்கே என்ன இருக்கு?"

பூவுலிங்கம் திரும்பிப் பார்த்தார். கிழக்கே குகை வாசல். அதைத் தாண்டி, கீழே இறங்குகிற தடம்.

"வாசல்ல பல்லி எங்க ஒட்டும்? வெடிப்பு இருக்கிறது தெற்குப் பாறையிலதான். அங்க இருந்துதான் கத்தும்" என்றார் சாமி.

பூவுலிங்கம் எழுந்திருக்கவில்லை.

"அது மட்டும் இல்ல சாமி. அவளா பார்த்துக் கல்யாணம் முடிச்சிட்டு வாசல்ல வந்து நின்னா. போ, இனி என் மூஞ்சில முழிக்காதேன்னுட்டேன். இப்பப் போயி, என் கால் பட்டு அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

சாமி அகலை ஏற்றி, தெற்குப் பாறை வெடிப்புக்கு அருகில் பிடித்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாறையின் ஒரு துண்டு கண் விழித்தது. பாறை நிறத்திலேயே ஒரு பல்லி, வெடிப்புக்கு அளவெடுத்தாற்போலத் தட்டையான உடம்பு. அதன் பின்னால், சட்டைப் பொத்தான் மாதிரி பாறையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு முட்டைகள்.

மேலேயிருந்து இன்னொரு பல்லி சரசரவென்று இறங்கி வந்தது. உள்ளே இருந்தது வாயைத் திறந்து, வாலைத் தூக்கிக் கத்தியது. வந்தது திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"யாருக்குச் சொல்லுச்சு?" என்றார் சாமி.

"அந்தா ஓடுதே, அதுக்கு."

"என்ன சொல்லுச்சு?"

"இது என் இடம், நீ போ..."

அந்தப் 'போ'வை வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். கண் அந்த முட்டைகளின் மேலேயே நின்றது.

கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஊருக்குள் போய்த் திரும்பி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

"அப்போ எனக்கு அது ஒண்ணுமே சொல்லலையா சாமி?"

சாமி கீழே கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"உங்களுக்குச் சொல்ல வேண்டியதை உங்க மவ மத்தியானமே சொல்லி விட்டுட்டாளே, அண்ணாச்சி."