கீரி நடத்திய ஆய்வு மாநாடு

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருத மரங்களுக்கு நடுவே, விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. வயதான பெண் யானை ஒன்று அதன் துணைவேந்தராக இருந்தது. ஆண்டுதோறும் அங்கே மாணவர் ஆய்வு மாநாடு நடக்கும். பெயர்தான் மாணவர் மாநாடு. மேடை ஏறுவதெல்லாம் பெரியவர்கள்தான்.

முந்தைய ஆண்டும் அப்படித்தான் ஆனது. மயில் பேராசிரியர் வரவேற்றுப் பேசியது. கரடிப் பேராசிரியர் வாழ்த்திப் பேசியது. யானை தலைமையுரை ஆற்றியது. அது முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாணவர்கள் கண்டறிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கீரியும் இருந்தது. எடுத்த காரியத்தை விடாத கீரி அது. "அடுத்த மாநாட்டை நான் நடத்துகிறேன்" என்று தானாகவே முன்வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது.

புற்றுக்குப் புற்று, மரத்துக்கு மரம் போய் மாணவர்களை அழைத்தது. பலர் வர மறுத்தார்கள். ஆற்றின் கரைகளை ஆராய்ந்துவந்த உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"போன வருடமும் பேச வாய்ப்புத் தருவோம் என்றுதான் சொன்னார்கள், அக்கா."

"அப்போது சொன்னது அவர்கள். இப்போது சொல்வது நான். நீ வந்து சேர்" என்றது கீரி.

சொல்லிவிட்டதே தவிர, எப்படிச் செய்வது என்று கீரிக்கே தெரியவில்லை. நேரே யானையிடம் போய், உரையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தது. யானைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பேசாமல் உட்கார்ந்திருக்கத் தன்னை எதற்கு அழைக்க வேண்டும் என்று கேட்டது. மயிலும் கரடியும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லி அனுப்பின.

கீரிக்கு மனம் கசந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. ஆற்றோரமாக நடந்தபடியே யோசித்தது. பெரியவர்களுக்குப் பேச்சைவிடப் பெருமைதான் முக்கியம் என்று அதற்குத் தோன்றியது.

மறுநாள் காலை மீண்டும் யானையின் முன் போய் நின்றது.

"அம்மா, நேற்று நான் கேட்டது தவறு. தாங்கள் விரும்பும் வரை பேசுங்கள். ஆனால் முதலில் பேசுவதைக் கூட்டம் மறந்துவிடும். வீட்டுக்குப் போகும்போது காதில் நிற்பது கடைசிப் பேச்சுதான். நிறைவுரை தங்களுடையதாக இருக்கட்டும்."

யானை காதுகளை அசைத்துக்கொண்டு சம்மதித்தது. செய்தி மயிலுக்கு எட்டியது. அப்படியானால் யானைக்குச் சற்று முன்னால்தான் பேசுவேன், யாரோ அணிலுக்கு முன்னால் பேச மாட்டேன் என்றது. கரடியும் முன்னால் பேச மறுத்துவிட்டது. ஆக, மாநாட்டின் காலையும் நண்பகலும் காலியாகிவிட்டன. கீரி அந்த நேரம் முழுவதையும் மாணவர்களுக்குக் கொடுத்தது.

மாநாட்டு நாள் வந்தது. எந்தப் பூவுக்கு எந்தத் தேனீ வருகிறது என்று அணில் சொன்னது. எந்த மரங்கள் உள்ளே உளுத்திருக்கின்றன என்று மரங்கொத்தி சொன்னது. பிறகு உடும்பு மேடை ஏறியது. கூட்டத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கியது. கீரி மேடையருகே வந்து நின்று தலையசைத்தது. உடும்பு பேசத் தொடங்கியது.

ஆறு மேற்குக் கரையை அடியில் அரித்துவிட்டது, அடுத்த வெள்ளத்தில் கரை சரிந்துவிடும் என்று அது சொன்னபோது, நிறைவுரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த யானை நிமிர்ந்தது. அதன் கூட்டம் தினமும் மாலையில் குட்டிகளோடு தண்ணீருக்கு இறங்கும் வழி அதுதான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று யானை கேட்டது.

"நானே அடியில் நுழைந்து பார்த்தேன், அம்மா. உள்ளே மண் இல்லை. மேலே இருக்கும் புல்வேர்தான் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது."

யானை கேள்விமேல் கேள்வி கேட்டது. உடும்பு ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னது. வெயில் இறங்கிவிட்டது. பெரியவர்கள் பேசும் நேரம் வந்துவிட்டது என்று கீரி நினைவூட்டியது.

யானை எழுந்து நின்றது.

"என் குட்டிகள் தண்ணீருக்குக் கிளம்பும் நேரம் இது. இன்றிலிருந்து கிழக்குத் துறைக்குப் போகிறோம். உடும்பே, நீ முன்னால் நட."

அவ்வளவுதான் அதன் நிறைவுரை. யானை புறப்பட, விலங்குகள் எல்லாம் பின்னால் நடந்தன. தோகையை விரித்துத் தயாராக நின்ற மயில், எதிரே ஆளில்லாததைக் கண்டு தோகையை மடக்கிக்கொண்டு தானும் நடந்தது.

ஐப்பசி மழையில் ஆறு பொங்கியது. ஒருநாள் மாலை, காடே அதிரும்படி மேற்குக் கரை ஆற்றுக்குள் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் யானைக் குட்டிகள் திடுக்கிட்டுத் தலை தூக்கின. பிறகு, கிழக்குத் துறையில் நின்றபடி மறுபடியும் தண்ணீர் குடித்தன.

நீதி: இளையவர் கண்டறிந்ததை முதலில் கேளுங்கள்; பெரியவர் பேச்சு காத்திருக்கும், வரும் ஆபத்து காத்திருக்காது.