கோட்டை பார்க்க வந்த தூதர்

முன்னொரு காலத்தில், எதிரிகளைவிட விருந்தாளிகளுக்கு அதிகம் பயந்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் மகுடவர்மர். பாயசம் கொண்டுவருபவனை "முதலில் நீ குடி" என்பார். அவன் குடித்து முடித்தால், "ஏன் இவ்வளவு ஆசையாகக் குடித்தான்?" என்று அதையும் சந்தேகப்படுவார்.

அப்படிப்பட்டவரிடம் பக்கத்து நாட்டுத் தூதர் சோமதேவர் வந்து, "தங்கள் தலைநகரின் புராதன இடங்களைச் சுற்றிப் பார்க்க ஆசை. கூட்டம் வேண்டாம், வழிகாட்ட ஓரிருவர் போதும்" என்றார்.

தூதர் விருந்தினர் மாளிகைக்குப் போனதும் ராஜா குரலைத் தாழ்த்தினார். "பழங்கல்லைப் பார்க்க வந்தவன் நடக்கும்போது எதற்கு அடி எண்ணுகிறான்? வாய் முணுமுணுத்ததை நானே பார்த்தேன். காட்ட மறுத்தால் அவமதித்தோம் என்று படை வரும். காட்டினாலோ, கோட்டையை அளந்துகொண்டு போவான். அப்போதும் படைதான் வரும்."

ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் கனைத்தார். அரசவை விகடன் தத்தன்மீது அவருக்குப் பத்து வருடப் பொறாமை. அவர் கவி பாடினால் சபை கொட்டாவி விடும். தத்தன் தும்மினாலே சிரிக்கும்.

"பிரபு, தத்தனை அனுப்பலாமே. எல்லா இடத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். தூதர் எதையும் பார்த்துவிடக் கூடாது. புத்திசாலிக்கு இதெல்லாம் ஒரு காரியமா?"

"தவறினால் தலை போகும், தத்தா" என்றார் ராஜா.

"இருப்பது ஒன்றுதான் பிரபு, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். துணைக்குப் புலவர் ஐயா வரட்டும். ஒவ்வோர் இடத்திலும் தங்கள் மெய்க்கீர்த்தி அவர் வாயால் ஒலிக்க வேண்டாமா?"

அம்பலவாணருக்குச் சந்தேகம் தட்டியது. தூதரிடம் ஏதாவது கைநீட்டி வாங்கியிருப்பானோ? கூடவே போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பாடவும் சொல்கிறார்கள். சம்மதித்துவிட்டார்.

மெய்க்கீர்த்தி என்பது ராஜாவின் வெற்றிகளையும் பட்டங்களையும் அடுக்கும் பாட்டு. நூற்றெட்டு அடி. அது ஒலிக்கும்போது யாராயிருந்தாலும் தலைகுனிந்து தரையைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் காவலனின் ஈட்டி பிடரியைத் தொடும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அம்பலவாணர்தான். கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட அவருக்குத் தைரியம் போதவில்லை.

காலையில் தூதரை மூடுபல்லக்கில் ஏற்றினார்கள். அரச விருந்தினருக்கு அதுதான் மரியாதை. முதலில் கோட்டைவாசல். தூதர் திரையை விலக்கிக் கால் வைத்ததும் புலவர் தொடங்கிவிட்டார். தூதர் குனிந்தார். மெல்லக் கண்ணை உயர்த்தினார். பிடரியில் ஏதோ குளிர்ந்தது.

"ஐயா, அந்த யானைப்போர் பகுதி இன்னொரு தரம்! தூதர் சொக்கிப்போயிருக்கிறார்" என்றான் தத்தன்.

புலவர் உச்சி குளிர்ந்து மூன்று தரம் பாடினார். கடைசி அடி முடிவதற்குள் தூதரைக் குனிந்த வாக்கிலேயே பல்லக்கில் ஏற்றி, "அடுத்த இடம்!" என்றான் தத்தன்.

ஆயுதசாலை, படித்துறை, காவற்கோபுரம் என்று ஏழு இடம். பொழுது சாயும்போது புலவருக்குக் குரல் இல்லை. தூதருக்குக் கழுத்து இல்லை.

சபையில் ராஜா கேட்டார்: "ஏதேனும் மறைக்கப்பட்டதா?"

"ஏழு இடத்துக்கும் அழைத்துப் போனார்கள். குறை சொல்ல வழியில்லை."

"என்னென்ன பார்த்தீர்கள்?"

"என் கால் கட்டைவிரலை" என்றார் சோமதேவர். "நகம் வெட்ட வேண்டும்."

அவர் விடைபெற்றுப் போனதும் அம்பலவாணர் கரகரத்தார்: "பிரபு, இது வெறும் ஏமாற்று!"

"எது ஏமாற்று? உமது பாட்டா?"

ராஜா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது, கண் சுருங்கியது.

"இரு தத்தா. நான் பவனி வரும்போதும் இந்தப் பாட்டுத்தானே? அப்படியானால் இந்த ஊரில் ஒருவனும் என்னைப் பார்த்ததே இல்லையா?"

தத்தன் குனிந்து வணங்கினான்.

"இல்லை பிரபு. அதனால்தான் தங்கள் தோள் மலைபோன்றது என்று இன்னும் நம்புகிறார்கள்."

ராஜா தம் தோளைத் திரும்பிப் பார்த்தார். பட்டுச் சால்வை வழக்கம்போல் நழுவி முழங்கைக்கு வந்திருந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி அதை எடுத்துத் தத்தனுக்குப் போர்த்தினார். "நீயே வைத்துக்கொள். என் தோளில் நிற்கமாட்டேன் என்கிறது."

சபையே சிரித்தது. முதலில் சிரித்தவன் யார் என்று ராஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.