குதிரைக்காரிக்கு மூக்கு வைத்த கதை

கொக்கலாங்குடிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். எங்கள் ஊர் ஆளிடம் "அடுப்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தாலும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பாலைப் பார்க்கச் சொன்னீர்களா என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

கடற்கரை ஊர். அங்கே ஒரு மனமகிழ் மன்றம். மனம் மகிழ அங்கே இரண்டே சாமான்கள். ஒன்று, ஸ்ட்ரைக்கர் தொலைந்துபோன கேரம் போர்டு. இன்னொன்று தொம்மை அண்ணாச்சியின் குண்டு மெஷின்.

வெளியூரில் அதைப் பின்பால் என்பார்களாம். நாலு காலில் சாய்வாக நிற்கும் ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கங்கே முட்டி, மணியடித்து, புள்ளி சேர்த்துக்கொண்டு கீழே உருளும். கீழே ஒரு குழி. குழியில் விழாமல் பொத்தானை அமுக்கித் துடுப்பால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். கப்பலில் சமையல்காரராக இருந்த தொம்மை அண்ணாச்சி, ஏதோ ஒரு துறைமுகத்தில் இது இருந்த கிளப்பை மூடியபோது தூக்கிக்கொண்டு வந்தது.

குண்டு ஓடுகிற பலகை முழுக்க ஒரு சர்க்கஸ் படம். ஓடும் குதிரை மேல் நின்றபடி ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் வாயைப் பிளந்த புலி. பழைய பெயிண்ட் எத்தனை நாள்தான் தாங்கும்? குண்டு ஓடி ஓடிக் குதிரைக்குப் பின்னங்கால் போனது. குதிரைக்காரிக்கு மூக்கும் வாயும் ஒரு கண்ணும் போய் வெறும் மரம்தான் தெரிந்தது. இது ஊருக்கே தெரியும், தொம்மை அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது. அவருக்குக் கண்ணில் புரை. பத்து வருஷமாக அந்த மரத்தைத் தடவி, "என்ன அழகுவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் புரையை எடுக்கத்தான் அவர் மதுரைக்குப் புறப்பட்டார். பஸ் ஏறும்போது மன்றத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "சனிக்கிழமை வந்திருவேன். கட்டு அவுத்ததும் முதல்ல அந்தக் குதிரைக்காரி மொகத்தைத்தான் பாக்கணும். அந்த ஒரு ஆசைக்குத்தாம்வே இந்தக் கண்ணைக் குத்தவே சம்மதிச்சேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி அந்தோணியம்மாள், "அப்ப இனிமே கஞ்சியும் அவளே ஊத்துவா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் போனதும் மன்றத்துத் தலைவர் சந்தியாகு, செயலாளர் மந்திரமூர்த்தி, பொருளாளர் எசக்கிமுத்து மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புதுக் கண்ணோட வந்து பாத்தா மொகமே இருக்காதுல்லா" என்றார் எசக்கிமுத்து.

"மனுசன் நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாரு" என்றார் தலைவர். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல மனுசங்க. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

செயலாளரின் மச்சினன் மூலமாக வில்வநாதன் என்று ஒருவர் கிடைத்தார். சென்னையில் இந்த மாதிரிப் பழைய மெஷின்களுக்குப் பெயிண்ட் திருத்துகிறவர். போனிலேயே யோசனை சொன்னார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்கள்.

"முதல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. எல்லாம் முடிஞ்சதும் போட்டோவைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, எதுவும் மாறியிருக்கக் கூடாது. பிரஷ் ரொம்ப மெல்லிசா இருக்கட்டும், நாலு முடி இருந்தாப் போதும். பெயிண்ட்டை எடுத்ததும் படத்துல வைக்காதீங்க. கண்ணுக்குப் படாத இடத்துல தடவிப் பாத்துட்டு அப்புறம் வைங்க. புதுக் கலர் பழசோட ஒத்துப்போகணும். முகம் அழிஞ்சிருந்தா மனசுல தோணுறதை வரையாதீங்க, ஒரு ஆளை முன்னாடி உக்கார வச்சு அப்படியே பாத்து வரைங்க."

போட்டோவைச் செயலாளர் தன் போனில் எடுத்தார். அதில் தப்பில்லை. பிரஷ்ஷுக்கு எசக்கிமுத்து வீட்டு வெள்ளையடிக்கிற மட்டை வந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து, நாலு முடி மிச்சம் வைத்து மற்றதையெல்லாம் பிடுங்கினார்கள். நாலும் நாலு மூலையில் நின்றன.

பெயிண்ட், மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையும் கறுப்பும். அதைத் தடவிப் பார்க்கக் கண்ணுக்குப் படாத இடம் வேண்டுமே. மெஷினுக்கு அடியில் குனிந்தார்கள்.

"இங்கன தடவலாம்" என்றார் செயலாளர்.

"இப்ப நீரு பாத்துட்டீரே, கண்ணுக்குப் பட்டுட்டுல்லா" என்றார் தலைவர்.

பீரோவுக்குப் பின்னால் பார்த்தார்கள். கூரைக்கு மேலே பார்த்தார்கள். பார்த்த இடமெல்லாம் கண்ணுக்குப் பட்டது. கடைசியில் எசக்கிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். "கண்ணை இறுக்க மூடிக்கிட்டா எந்த இடமும் கண்ணுக்குப் படாத இடந்தானவே."

மூவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு இழுப்பு இழுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது தலைவரின் வேட்டி, கேரம் போர்டு, எசக்கிமுத்துவின் வழுக்கைத் தலை மூன்றிலும் வெள்ளைப் பெயிண்ட் நன்றாகப் பிடித்திருந்தது. பெயிண்ட் தரமானது என்று திருப்திப்பட்டார்கள்.

அடுத்தது குதிரைக் கால். பழைய குதிரை ஒருகாலத்தில் வெள்ளைதான், வருஷக்கணக்கில் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. புதுக் கால் மட்டும் பளிச்சென்று அடுத்தவன் குதிரைக் கால் போல் நின்றது.

"இதுவும் நாப்பது வருசம் ஆனா மஞ்சளாயிரும்" என்றார் செயலாளர்.

"சனிக்கிழமைக்குள்ள ஆயிருமா?" என்று கேட்டார் தலைவர்.

மூவரும் யோசித்தார்கள். ஆகாது என்று முடிவாயிற்று. அப்போது எசக்கிமுத்து குடித்துக்கொண்டிருந்த டீயில் ஒரு சொட்டு காலில் விழுந்தது. அச்சு அசல் பழைய நிறம். உடனே டீக்கடையிலிருந்து ஒரு தூக்குவாளி டீ வந்தது. கால் முழுக்கப் பூசினார்கள். அழகாக ஒத்துப்போனது. சீனி போட்ட டீ என்பதுதான் கொஞ்சம் இடைஞ்சல். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் ஊர் எறும்பெல்லாம் வந்து ஈரப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டன. "குதிரைக்கு ரோமம் வச்சிருக்கு" என்று தலைவர் மனம் குளிர்ந்தார்.

முகத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. உட்காரச் சொல்லிக் கேட்ட வீடுகளில் எல்லாம் விளக்குமாற்றைக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் தலைவரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உமக்கு மீசை இருக்கே" என்றார் எசக்கிமுத்து.

"மனசுல தோணுறதை வரையக் கூடாது, இருக்கிறதை அப்படியே வரையணும்னு சொல்லியிருக்காரு" என்றார் செயலாளர். "மீசையை விட்டா அது நாமளா வரைஞ்சதாயிரும்."

நியாயமான பேச்சு. செயலாளருக்குக் கை நல்ல கை. அதைச் சொல்லியாக வேண்டும். மூக்கு வந்தது, கண் வந்தது, மீசை அதைவிட நன்றாக வந்தது. குதிரை மேல் சட்டையில்லாத தோளோடு சந்தியாகு நின்றார்.

எல்லாம் முடிந்து போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். போட்டோவில் மூக்கில்லை, பலகையில் மூக்கிருந்தது.

"மாறியிருக்கக் கூடாதுன்னாரே" என்று தலைவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மூக்கைச் சுரண்டிருவோமா?" என்றார் எசக்கிமுத்து.

"சுரண்டினா தொம்மை அண்ணாச்சி செத்துருவாருல்லா."

"சுரண்டாட்டா வில்வநாதன் சொன்னது கெட்டுருமே."

பிறகு தலைவர் எழுந்தார். தலைவராக இருப்பதற்கு ஒரு தலை வேண்டும், அது அவருக்கு உண்டு. "தப்பு போட்டோவுலதாம்வே இருக்கு. போட்டோவைத் திருத்தும்" என்றார். செயலாளர் அதே மட்டையை எடுத்துப் போன் கண்ணாடியில் மூக்கு, கண், மீசை எல்லாம் வரைந்தார். இடம் போதாமல் பெயிண்ட் வழிந்து போனின் ஓட்டைகளுக்குள் இறங்கியது. இப்போது இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

சந்தோஷமான செய்தியைச் சொல்ல வில்வநாதனுக்குப் போன் போட்டார்கள். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "நல்லது. ஆனா ஒண்ணு, புதுப் பெயிண்ட் மேல குண்டு படவே கூடாது. எதுவரைக்கும்னா…" அவ்வளவுதான். பெயிண்ட் உள்ளே போய் போன் உயிரை விட்டது.

"படவே கூடாதுன்னுட்டாரு" என்றார் தலைவர். குண்டை வெளியே எடுத்துத் துடைத்துத் தன் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"குண்டு இல்லாம எப்படி ஆட?" என்று எசக்கிமுத்து கேட்டார்.

"ஆடுறது நாமளா, குண்டா?"

"நாமதான்."

"பெறவு குண்டு எதுக்கு?"

ஆட ஆரம்பித்தார்கள். கம்பியை இழுத்து விட்டார்கள், துடுப்பைத் தட்டினார்கள். மணி அடிக்காததால் வாயாலேயே "டிங்" போட்டார்கள். முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாளே சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை. எசக்கிமுத்துவின் குண்டு குழியில் விழுந்துவிட்டது என்று செயலாளர் சொன்னார். விழவில்லை, ஓரத்தில் தொட்டு மேலே போய்விட்டது என்று எசக்கிமுத்து மாதா கோயில் பக்கம் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்.

சனிக்கிழமை தொம்மை அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேராக மன்றத்துக்கு வந்தார். பின்னாலேயே அந்தோணியம்மாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக் குதிரைக்காரியை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு மங்கலா இருந்ததுல இத்தனை நாளா மீசையைக் கவனிக்காம விட்டுட்டேம்வே" என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கண் கலங்கியது. "இருந்தாலும் களையான மொகம். எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு."

அந்தோணியம்மாளும் எட்டிப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இவளுக்காகவா இத்தனை நாள் உருகுனீரு?" என்று கேட்டுவிட்டு, மீன் வாங்க வேண்டும் என்று வெகு உற்சாகமாகக் கிளம்பிப் போனார்.

"சரி, ஒரு ஆட்டம் போடுங்க, பாக்குதேன்" என்றார் அண்ணாச்சி.

எசக்கிமுத்து கம்பியை இழுத்து விட்டார். செயலாளர் டிங் போட்டார். தலைவர் பக்கத்தில் நின்று, "புலிக்கிட்ட போகுது, விடாதீரும், தட்டும், தட்டும்" என்று பதறினார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"குண்டு எங்கவே?"

"இந்தா, புலி வாலைச் சுத்தி வருதே" என்றார் எசக்கிமுத்து, கண்ணை எடுக்காமல்.

அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "பாவி மக்கா, கண்ணு போச்சே. குதிரை தெரியுது, புலி தெரியுது, எறும்பு கூடத் தெரியுது. குண்டு தெரியலியே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்துக்கொண்டிருந்த மூவரும் அழுதார்கள்.

சாட்சி சொல்ல மூவரும் கூடவே மதுரைக்குப் போனார்கள். டாக்டரம்மா சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் படிக்கச் சொன்னார். அண்ணாச்சி கடைசி வரியையும் தாண்டி, அச்சகத்தின் பெயர் வரை படித்தார்.

"கண்ணு ரொம்ப நல்லா இருக்கே ஐயா, என்னதான் தெரியல உங்களுக்கு?"

"குண்டு தெரியல தாயி. இவங்க எல்லாருக்கும் தெரியுது."

தலைவர் உடனே சட்டைப் பையிலிருந்து குண்டை எடுத்து நீட்டினார். "இது தெரியுதா அண்ணாச்சி?"

"இது தெரியுதே."

"பாருங்கம்மா" என்றார் தலைவர். "பையில இருந்தாத் தெரியுது. மெஷின்ல ஓடும்போதுதான் தெரிய மாட்டேங்குது."

டாக்டரம்மாவுக்கு வெளியே பெரிய கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. "வேகமா ஓடுறதைப் பார்க்க ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதிலிருந்து மன்றத்தில் எல்லோரும் மெதுவாக ஆடுகிறார்கள். அண்ணாச்சி கண்ணுக்காகக் கம்பியைப் பூப்போல இழுக்கிறார்கள், டிங் என்பதையும் நீட்டிச் சொல்கிறார்கள். ஒரு ஆட்டம் முடிய ஒரு பொழுது ஆகிறது. அண்ணாச்சி தினமும் மருந்தை விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை திடீரென்று துள்ளி எழுந்தார். "தெரியுதுவே, தெரியுது. இந்தா போகுது ஒண்ணு. அந்தா, புலி பக்கத்துல இன்னொண்ணு போகுது."

ஆட்டம் நின்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாம ஒண்ணுதானே விட்டோம்" என்றார் செயலாளர் தாழ்ந்த குரலில்.

தலைவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "நம்ம குண்டு இங்கன இருக்கு. அப்ப அது ரெண்டுமே நம்மது இல்லவே. அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு?"

மறுநாளே மன்றத்து வாசலில் பலகை வைத்துவிட்டார்கள்: யாருடையதோ இரண்டு குண்டுகள் எங்கள் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கின்றன, உரியவர்கள் தகுந்த அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். இதுவரை நாலைந்து பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். அடையாளம் சரியாகச் சொல்லவில்லை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.