ஆடி மாத வாடகை

ஒரு காலத்தில் தென்கரை நாட்டை வல்லபராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யாராவது ஒரு யோசனையைக் காதில் போட்டால், மாலைக்குள் அது தன் யோசனை என்றே நம்பிவிடுவான். நாட்டுக்குப் பிடித்த சனி அதுதான்.

ஒருநாள் அப்படி ஒரு யோசனையைப் போட்டவர் பொக்கிஷக்காரர் பேரின்பநாதர். அமைச்சர் மங்கைபாகரின் பதவிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

"பிரபு, சந்தைத் தெருவில் வரிசையாக ஐம்பது வீடு கட்டுவோம். வியாபாரிகள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். நம் கைக்காசு வேண்டாம், பட்டினத்து வட்டிக்காரர் கடன் தருவார். வாடகையே வட்டியைக் கட்டிவிடும். நாம் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம்."

"அடமானம் எது?" என்று கேட்டார் அமைச்சர்.

"பெரிய ஏரியின் மதகு. வட்டி தவறினால்தானே அது அவர் கைக்குப் போகும்?"

"வீடு எப்போது முடியும்?"

"ஆனிக் கடைசியில்."

"முதல் வட்டி?"

"ஆடிக் கடைசியில்."

"ஆடியில் யார் ஐயா புது வீட்டுக்குக் குடி வருவார்கள்?"

பேரின்பநாதர் அரசனைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல காரியம் பேசும்போது அமைச்சர் வாயில் நல்ல வார்த்தையே வராது, பிரபு. வீடு இருந்தால் ஆள் வராமலா போகும்?"

மாலைக்குள் அது அரசனின் யோசனையாகிவிட்டது.

வீடுகள் எழும்பின. சும்மா சொல்லக்கூடாது, அழகான வீடுகள். ஆடி பிறந்தது. வியாபாரிகள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். "ஆவணி பிறக்கட்டும், வர்றோம்" என்று போய்விட்டார்கள். ஒரு எண்ணெய் வியாபாரியின் மனைவி மட்டும் விளக்கமாகச் சொன்னாள்: "வீடு நல்லாத்தாங்க இருக்கு. ஆடியில பால் காய்ச்சினேன்னா எங்க அத்தை என்னை உயிரோட விடமாட்டாங்க."

அரசனுக்குக் கோபம் வந்தது. "இந்த ஆண்டு ஆடி மாதத்தை ரத்து செய்யுங்கள்! ஆனிக்குப் பிறகு நேரே ஆவணி!"

"செய்துவிடலாம் பிரபு," என்றார் மங்கைபாகர் பணிவாக. "ஆனால் வட்டி கட்டும் நாள் இன்றைக்கே வந்துவிடும்."

அரசன் ஆடியைத் திரும்பக் கொடுத்தான்.

இதற்குள் உழவர்கள் அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். விதைத்தவன் வயலுக்குத் தண்ணீர் வேண்டாமா? மதகு வட்டிக்காரர் கைக்குப் போனால், குடம் குடமாக அல்லவா விலை கேட்பார்! மங்கைபாகர் அவர்களை உட்காரவைத்துக் குறையைக் கேட்டார். பேரின்பநாதருக்கோ அதிலும் ஒரு வழி தெரிந்தது.

"பிரபு, அமைச்சர் அபசகுனமாகப் பேசியதால் வந்த வினை இது. அவரே வீடுகளை நிரப்பட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் அரசன்.

மங்கைபாகர் யோசித்தபடி வெளியே வந்தார். வாசல் காவலன் வேலைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க ஐயா. ஆனியில கல்யாணம். ஆடி பிறந்ததும் மாமனார் வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அமைச்சர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த வருஷம் இளவரசனுக்கும் சேனாதிபதி மகளுக்கும் வைகாசியில் திருமணம். ராஜா வீட்டுச் சுபகாரியம் நடந்த வருஷம் என்று ஊரில் பாதிப்பேர் அதை ஒட்டியே பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று இப்போது அத்தனை ஜோடியையும் பிரித்து வைத்திருந்தார்கள். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெருமூச்சுதான்.

மங்கைபாகர் காவலன் காதில் ஏதோ சொன்னார். அவன் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் ஐம்பது வீட்டுக்கும் மாத வாடகை முன்பணமாக வந்துவிட்டது. வட்டிக்காரரின் ஆள் எண்ணி வாங்கிக்கொண்டு போனான். மதகு தப்பியது.

பேரின்பநாதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பிரபு, இது மோசடி! நான் தெரு முழுக்கப் பார்த்தேன். எந்த வாசலிலும் கோலம் இல்லை, எந்தக் கூரையிலும் அடுப்புப் புகை இல்லை. குடித்தனக்காரர் என்று யாருமே கிடையாது. கதவைத் தட்டிப் பார்த்துவிடுவோம்!"

"தட்டத்தான் வேண்டுமா?" என்று கேட்டார் அமைச்சர். "வாடகை கொடுத்தவர்களைத் தொந்தரவு செய்யலாமா?"

"பார்த்தீர்களா பிரபு, பயப்படுகிறார்!"

உச்சிவேளையில் மூவரும் போனார்கள். பேரின்பநாதர் முதல் கதவை ஓங்கித் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே அவருடைய மாப்பிள்ளை. பின்னால், தலையில் பூ கசங்க, ஆடிக்கென்று அவர் தன் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த மகள் வல்லி.

"கோயிலுக்குப் போறேன்னுதானே சொல்லிட்டு வந்தே?" என்றார் பேரின்பநாதர்.

"போயிட்டுத்தான்ப்பா வந்தேன்," என்றாள் வல்லி தரையைப் பார்த்தபடி.

"நாங்க குடி வரலை மாமா," என்றான் மாப்பிள்ளை. "பால் காய்ச்சலை, அடுப்பும் மூட்டலை. சாஸ்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாடகையும் குடுத்தாச்சு."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே அடுத்த கதவைத் தட்டக் கை ஓங்கினான்.

"அந்தக் கதவு வேண்டாம் பிரபு," என்றார் அமைச்சர்.

"ஏன்?"

"வாசலில் கிடக்கும் செருப்பைப் பாருங்கள்."

முத்து வைத்துத் தைத்த செருப்பு. கல்யாணத்துக்கென்று இளவரசனுக்கு அரசனே செய்து கொடுத்தது. அரசனின் சிரிப்பு நின்றது.

"வாடகை கொடுத்தானா?"

"இருமடங்கு கொடுத்தார், பிரபு."

"அவனுக்கு ஏது அவ்வளவு பணம்?"

"தாங்கள் கொடுத்ததுதான்."

"அப்படியானால் என் கடனுக்கு நானேதான் வட்டி கட்டியிருக்கிறேனா?"

"கொஞ்சம் பிரபு. மீதி, பொக்கிஷக்காரர் மாதிரி மாமனார்கள் மாப்பிள்ளைக்குக் கொடுத்த ஆடிச் சீர்ப்பணம்."

அரசன் தன் கழுத்து மாலையைக் கழற்றி மங்கைபாகருக்குப் போட்டான். இனி கடன் பத்திரம் எதுவும் அமைச்சர் படிக்காமல் முத்திரைக்கு வரக்கூடாது என்று உத்தரவிட்டான். பேரின்பநாதருக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஆடி முடியும்வரை தெருமுனையில் நின்று, தேடி வருகிற மாமனார்களிடம் "இங்கே யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

ஆவணி பிறந்தது. வியாபாரிகள் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, தையில் நெல்லும் வந்தது.

பிறகு சித்திரை வந்தது. ஊர் மருத்துவச்சிகளுக்கு உட்கார நேரமில்லை. கொளுத்தும் வெயிலில் பேரனைத் தொட்டிலில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார் பேரின்பநாதர். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒருமுறை விரல்விட்டு மாதத்தை எண்ணினார்கள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்கள். சந்தைத் தெரு வீடுகள் தன்னுடைய யோசனை என்று அதற்கப்புறம் அவர் எவரிடமும் சொன்னதில்லை.