நாற்பது கிளைப்பூவும் வல்லபர் வீட்டு ஊஞ்சலும்

முன்னொரு காலத்தில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் காவல் நின்ற ஒரு நாட்டில், சித்திரவர்மர் என்ற ராஜாவுக்கு ஒரு பூவின் மேல் ஆசை வந்தது. பூவின் மேல் ஆசை வருவதில் தப்பு ஒன்றுமில்லை. அது ஒரு பூவோடு நிற்கவில்லை என்பதுதான் கதை.

இந்த நாளில் ஆர்க்கிட் என்கிறோமே, அதுதான். அந்த நாட்டார் அதைக் கிளைப்பூ என்றார்கள். அது மண் கேட்காது, பாத்தி கேட்காது. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு, பனியையும் சாரலையும் குடித்துப் பிழைக்கும். பத்து மாதம் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது, வெறும் தடித்த இலைதான். பிறகு ஒரு நாள் காலையில் காம்பு நீண்டு வரிசையாகப் பூ விடும். ஒன்று தேனீ வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஒன்று குழந்தையின் கொலுசுபோல் இருக்கும். இன்னொன்று விடிகிற நேரத்தில் மட்டும் ஏலக்காய் மணக்கும். பறிக்காமல் விட்டால் ஒன்றரை மாதம் வாடாது. ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில் இவ்வளவு அழகைக் கொண்டுபோய் வைக்க ஆண்டவனுக்குத்தான் மனசு வரும்.

மாதி என்ற மலைக்காரி மாதம் ஒருமுறை இந்தச் செடிகளைத் தேங்காய் மட்டையில் கட்டிக் கூடையில் கொண்டுவருவாள். ராஜா ஒவ்வொரு முறையும், "இதுதான் கடைசிக் கூடை" என்பார். "சரிங்க சாமி" என்று மாதி தலையாட்டிவிட்டு, அடுத்த கூடை முடைய மூங்கில் பிளக்கப் போய்விடுவாள்.

முதலில் பூங்கா மண்டபம் நிறைந்தது. அடுத்து தாழ்வாரம். அதற்கப்புறம் படைக்கலச் சாலையில் ஈட்டிக்கு ஒரு மட்டை தொங்கியது. கொலுமண்டபத்தில் அமைச்சர்கள் இலைகளை விலக்கிக்கொண்டு பேசினார்கள். தூதுவர் ஒருவர் ஓலை படித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து தண்ணீர் சொட்டி, போர் என்று எழுதியிருந்ததா உறவு என்று எழுதியிருந்ததா என்றே தெரியாமல் போயிற்று. ராஜா தம் கட்டிலில் பாதியைச் செடிகளுக்கு விட்டு, ஓரமாக ஒருக்களித்துப் படுத்தார். கையில் இருக்கும் நூறைவிட, மாதியின் கூடையில் இருக்கும் ஒன்றுதான் அவர் கனவில் வந்தது.

அந்த அரசவையில் பஞ்சநதம் என்று ஒரு விகடன் இருந்தான். ஒரு வழிப்போக்குப் பெண்ணுக்கு, அந்த ஊர் பிள்ளைபெறும் சாலையில் பிறந்தவன். குளத்தங்கரையில் எட்டு ஜன்னலோடு இருந்த அந்தச் சாலையை ராஜாவின் பாட்டனார் கட்டிவைத்தார். உப்பளத்துப் பெண்களும் வண்டிக்காரர் மனைவிமார்களும் போக்கிடம் இல்லாதவர்களும் அங்கே வந்து பிள்ளை பெற்றுப் போவார்கள். காத்தாயி என்ற மருத்துவச்சி அதைப் பார்த்துக்கொண்டாள். சபை கலைந்ததும் பஞ்சநதம் அங்கே போய்விடுவான். வலியில் கிடக்கும் பெண்களுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று கதை சொல்லுவான். சிரித்துக்கொண்டே பெற்றவர்கள் பலர். அவனுக்கு அதில் கிடைத்த நிறைவு ராஜா போட்ட கடுக்கனில் கிடைக்கவில்லை.

தலைமை அமைச்சரான பிரதானி வல்லபருக்கு இவனைக் கண்டால் ஆகாது. தாம் ஒரு நாழிகை யோசித்துச் சொல்வதற்கு ராஜா தலையை மட்டும் அசைப்பார். இவன் யோசிக்காமல் சொல்வதற்கு வாய்விட்டுச் சிரிப்பார். எந்த மனிதனால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியும்?

ஒரு நாள் ராஜா கவலையோடு சொன்னார்: "வரும் வெள்ளிக்கிழமை மாதி நாற்பது செடி கொண்டுவருகிறாள். வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வைக்க இடமில்லை."

வல்லபர் எழுந்து கைகட்டினார். "அரசே, இடம் இருக்கிறது. குளத்தங்கரைச் சாலைக்கு எட்டு ஜன்னல். மேற்குக் காற்று, நல்ல நிழல், தண்ணீரின் குளிர்ச்சி. கிளைப்பூவுக்கென்றே கட்டியதுபோல் இருக்கிறது."

ராஜாவின் கண் மின்னியது. உடனே வாடியது. "அங்கே இருக்கும் பெண்கள்?"

"ஊரில் வேறு நிழலா இல்லை, அரசே?"

பஞ்சநதம் எழுந்தான். "அரசே, பூவுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதானே. நான் வேறு இடம் பார்த்துத் தருகிறேன்."

வல்லபர் இதற்காகத்தான் காத்திருந்தார். "பார்க்கட்டும், அரசே. ஆனால் அது அரசருக்கே சொந்தமான இடமாக இருக்கவேண்டும். அரசரின் செடி அயலார் இடத்தில் தொங்குவது அழகல்ல. கூரையும் மேற்குக் காற்றும் இருக்கவேண்டும். புதிதாக ஒரு செங்கல் வைக்கக்கூடாது. இருக்கும் செடிகளில் ஒன்றையும் நகர்த்தக்கூடாது. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை சாலையைக் காலி செய்துவிடலாம்."

ராஜா தயங்கித் தயங்கி, "அப்படியே ஆகட்டும்" என்றார். ஆசை கண்ணை மறைக்கும்போது நல்லவர்களும் இப்படித்தான் தயங்கிக்கொண்டே தலையாட்டுவார்கள்.

சேதி பஞ்சநதத்துக்கு முன்பே சாலைக்குப் போய்விட்டது. காத்தாயி வாசலிலேயே நின்றாள். "ஒம்பது பொண்ணுங்க படுத்திருக்கு சாமி. ரெண்டு பேருக்கு இந்த வாரமே. இதுங்களத் தூக்கிக்கிட்டு நான் எந்த மரத்தடிக்குப் போவேன்?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணே, இன்னிக்குக் கதை இல்லியா?"

பஞ்சநதம் ஜன்னல் வரை போனான். அவன் வாழ்நாளில் முதன்முறையாக அன்று கதை சொல்லாமல் திரும்பினான்.

அந்த அரசவையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ராஜா அமர்ந்ததும் அவையினர் எல்லாரும் எழுந்து நெஞ்சில் கைவைத்து ஒரே குரலில் சொல்வார்கள்: "எங்கள் வீடும் வாசலும், கூடமும் கட்டிலும், அனைத்தும் அரசருடையவை. நாங்கள் காவலிருப்பவர்கள் மட்டுமே." தினமும் சொல்வதால் யார் காதிலும் அது விழாது. மறுநாள் காலையில் பஞ்சநதமும் எழுந்து நின்று அதைச் சொன்னான். பாதியில் அவன் வாய் நின்றுவிட்டது. தான் சொல்வது அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. பக்கத்தில் வல்லபர் கணீரென்று சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, அரண்மனைக் கொடியோடு நான்கு வீரர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஞ்சநதம் கோட்டை வாசலில் மாதியின் கூடைகளை எதிர்கொண்டான்.

முதல் செடியைத் தன் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனான். அவன் வீடு ஒற்றை அறை. மனைவி சௌந்தரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இதை எங்க வைக்கிறதாம்? அரிசிப் பானை மேலயா, உங்க தலை மேலயா?"

"நம்ம வீட்டுல ஒண்ணு தொங்கினாத்தான் சௌந்தரம், நான் இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்க முடியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உறியை இறக்கி, அது இருந்த கொக்கியில் செடியைத் தானே மாட்டினாள்.

அடுத்து வல்லபர் மாளிகை. அவர் அரண்மனையில் இருந்தார். கொடியைக் கண்டு வேலையாட்கள் கதவைத் திறந்தார்கள். பஞ்சநதம் பூஜை அறையையும் அடுக்களையையும் தொடவில்லை. வல்லபருடைய தாயார் படுத்திருந்த அறையைத் தாண்டும்போது வீரர்களை மெதுவாக நடக்கச் சொன்னான். கூடத்துக்கு வந்து, தேக்கு ஊஞ்சல் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். நான்கு சங்கிலியிலும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு செடிகளை மாட்டினான். மீதி இருபத்தேழையும் வல்லபருக்குத் தாளம் போடும் தண்டநாயகர் முதலான மூன்று பெரிய மனிதர்களின் வீட்டுக்கு ஒன்பது ஒன்பதாகக் கொடுத்தான்.

மதியம் உண்டு முடித்து ஊஞ்சலில் சாய வந்த வல்லபர், ஊஞ்சல் இருந்த இடத்தில் ஒரு காட்டைக் கண்டார். கீழே பாய் விரித்துப் படுத்தார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

காவலுக்கு நின்ற வீரன் பணிவாகச் சொன்னான்: "பிரதானி அவர்கள் சற்றுத் தள்ளிப் படுக்கவேண்டும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேளை."

மறுநாள் சபையில் வல்லபர் வணக்கம் சொல்வதற்கு முன்பே பேசினார். "அரசே, இந்த விகடன் என் வீட்டில் புகுந்து என் ஊஞ்சலைக் கழற்றிவிட்டான்."

"அரசே," என்றான் பஞ்சநதம், "பிரதானி கேட்டபடி அரசருக்குச் சொந்தமான இடத்தில்தான் வைத்தேன். அந்தக் கூடமும் கட்டிலும் அரசருடையவை, தாம் காவலிருப்பவர் மட்டுமே என்று பிரதானியே பதினோரு வருடமாகத் தினமும் காலையில் சொல்லிவருகிறார். அவர் பொய் சொல்லுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூரை இருக்கிறது. மேற்கே பார்த்த ஜன்னல் இருக்கிறது. செங்கல் வைக்கவில்லை. ஒரு செடியையும் நகர்த்தவில்லை, ஊஞ்சலைத்தான் நகர்த்தினேன்."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "வல்லபரே, அந்தக் கூடம் யாருடையது?"

வல்லபர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அரசருடையது" என்றார், தமக்கே கேட்காத குரலில்.

"அப்படியானால் பஞ்சநதம் வென்றான். குளத்தங்கரைச் சாலையை இனி யாரும் தொடவேண்டாம்."

பஞ்சநதம் மனதுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னான். ஆனால் ராஜா அதோடு நிற்கவில்லை. எழுந்து நின்றே விட்டார். முகம் மலர்ந்திருந்தது. "இத்தனை வீடுகள் எனக்கு இருப்பது தெரியாமல் போயிற்றே. வீட்டுக்குப் பன்னிரண்டு என்றால் இன்னும் நானூறு செடி வைக்கலாம். மாதியை வரச் சொல்லுங்கள்."

பெரிய மனிதர்களின் முகம் வெளிறியது. அவர்களைவிட பஞ்சநதம்தான் அதிகம் பயந்தான். ஒரு கதவை அடைக்கப் போய், ஊரிலுள்ள கதவையெல்லாம் அல்லவா திறந்துவிட்டோம்?

"அரசே," என்றான் மெதுவாக, "அழைப்பதற்கு முன் நாற்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாமே. ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அடுத்த தெருதான்."

ராஜா நடந்தே வந்தார். குனிந்து உள்ளே நுழைந்தார். அந்த அறையில் பார்க்க வேறு ஒன்றுமில்லை. அடுப்பு, பானை, பாய், மேற்கு ஜன்னலருகே அந்த ஒரு செடி. சௌந்தரம் அதற்குக் காலையில் அரிசி களைந்த தண்ணீர் தெளித்திருந்தாள். முதல் மொட்டு விரிந்திருந்தது. வெண்மையில் ஊதா நரம்பு ஓடியது. நடுவில் மஞ்சளாகச் சின்ன அகல் ஏற்றிவைத்ததுபோல் ஒரு மடிப்பு. காற்று வந்தபோது அது மெல்லத் தலையசைத்தது.

ராஜா பாயில் உட்கார்ந்தார். சௌந்தரம் மோர் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் அப்படியே இருந்தது. ஒரு நாழிகை போயிற்று.

"பஞ்சநதம்," என்றார் ராஜா, தாழ்ந்த குரலில். "இப்படி ஒரு பூ என்னிடம் இல்லையே. மாதி இதை ஏன் எனக்கு முன்பே கொண்டுவரவில்லை?"

பஞ்சநதம் சிரிக்கவில்லை. "இதே ஜாதியில் பதினேழு செடிகள் அரசரின் படைக்கலச் சாலையில் தொங்குகின்றன. இரண்டு வருடமாகப் பூக்கின்றன."

ராஜா அவனைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார். அந்தப் பதினேழும் யாருக்காக மலர்ந்து யாருக்காக வாடினவோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கண் கலங்கியது. மோரை எடுத்துக் குடித்தார்.

"அம்மா," என்றார் சௌந்தரத்திடம், "இதற்கு நீ தினமும் தண்ணீர் தெளிப்பாயா?"

"பக்கத்துல ஒரு உசிரு இருக்கறப்ப தெளிக்காம எப்படிங்க மகாராஜா சோறு எறங்கும்?"

அன்று மாலை ராஜாவே குளத்தங்கரைச் சாலைக்குப் போனார். அங்கே பிள்ளை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அரண்மனையிலிருந்து ஒரு செடி என்று சொல்லிவிட்டார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்க்க ஒரு பூ. ஒரு காலையில் நின்று நிதானமாகப் பார்த்து முடிக்கக்கூடிய அளவு செடிகளைத் தமக்கு வைத்துக்கொண்டார். அது முப்பத்தொன்றுதான் என்று தெரிந்தது. மாதியின் பிழைப்பும் கெடவில்லை; அரண்மனையிலிருந்து சாலைக்குச் செடி கொண்டுபோகும் வேலை அவளுக்கே கிடைத்தது. "இப்பத்தாங்க சாமி, மலையில நாலு பூவாவது மிச்சம் நிக்கும்" என்றாள் அவள்.

வல்லபர் வீட்டுச் செடிகளைத் திரும்ப எடுக்க வீரர்கள் போனார்கள். அவர் பதினொன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாவது எங்கே என்று தமக்குத் தெரியாது என்றார். அது அவருடைய தாயார் அறை ஜன்னலில் இருந்தது. அந்த அம்மாள் விடிகிற நேரத்தில் ஏலக்காய் வாசம் வருகிறது என்று இரண்டு நாளாகக் கஞ்சி கூடுதலாகக் குடித்தாளாம். ராஜா அதைக் கேட்டு, எண்ணிக்கை சரிதான் என்று சொல்லிவிட்டார். வல்லபரும் அதன்பிறகு பஞ்சநதத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை.

எல்லாம் முடிந்தபின் ராஜா கேட்டார்: "பஞ்சநதம், என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்."

பஞ்சநதம் தலையைச் சொறிந்தான். நின்ற காலை மாற்றினான். "அரசே, தண்டநாயகர் வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒன்பதில், பழுப்புப் புள்ளி போட்ட ஒன்று இருக்கிறது. சின்னதுதான். மூன்று நாளாகக் கண்ணை மூடினால் அதுவே வந்து நிற்கிறது."

"உன் வீட்டில் எங்கே வைப்பாய்?"

"தெரியவில்லை அரசே. சௌந்தரத்தைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். அதனால்தான் கேட்காமல் வந்திருக்கிறேன்."

ராஜா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் ஒரு பக்கம் சரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம்மைப்போல் இன்னொருவனைக் கண்டுகொண்ட சந்தோஷம் அதில் இருந்தது. அந்தச் செடியைக் கொடுத்தார். கூடவே தம் தோளிலிருந்த அகலமான பட்டுச் சால்வையையும் எடுத்துக் கொடுத்தார். "இதில் மூடி எடுத்துப் போ. வீடு வரைக்குமாவது பத்திரமாகப் போய்ச் சேரலாம்."

பஞ்சநதம் சால்வைக்குள் செடியை அணைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் வீதியில் நடந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் சால்வையின் சரிகையைத்தான் பார்த்தார்கள். வாசலில் நின்ற சௌந்தரம் மட்டும் சரிகையைப் பார்க்கவில்லை. உள்ளே என்ன அசைகிறது என்று பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, இன்னொரு கொக்கி அடிக்கச் சுத்தியலைத் தேடப் போனாள்.