தொய்ந்த சிவப்பு நூல்

குளக்கரைப் புங்கமரப் பொந்தில் சிங்காரி என்ற அணில் குடியிருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். இரண்டும் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் கரைக்கு ஓர் உடும்பு வந்து சேர்ந்தது. வந்த அன்றே பக்கத்து மரத்து மைனாவின் குஞ்சுகள் அத்தனையும் காணாமல் போயின. மைனா கதறியதைக் கேட்டதிலிருந்து சிங்காரிக்கு ஒரு கொட்டைகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"அக்கா, குட்டிகளைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே ஓடுவேன்? வேற பொந்து ஏது?" என்று கீழ்க்கிளைத் தையல்சிட்டிடம் அழுதது.

"ஓடாதே! வாசலுக்கு நூலால ஒரு சுருக்கு போடு!" என்றது தையல்சிட்டு.

தையற்கடை வாசலில் கிடந்த சிவப்பு, மஞ்சள், பச்சை நூல்களை அது கொத்தி வந்தது. "ஒவ்வொண்ணும் ரொம்ப மெல்லிசு. மூணையும் சேர்த்து இந்தப் புங்கங்காய்த் தோட்டில் நூல்கண்டு மாதிரி சுத்து. அப்புறம் அந்த நூலிலேயே முடிச்சு முடிச்சாப் போட்டு ஒரு வளையம் பின்னு. உள்ளேயிருந்து நுனியை இழுத்தா வளையம் சுருங்கி உடும்போட கழுத்தைப் பிடிக்கும். ஆனா ஒண்ணு! மூணும் ஒரே இறுக்கத்துல இருக்கணும். ஒண்ணு தொய்ஞ்சாலும் போச்சு!"

சிங்காரி பின்னத் தொடங்கியது. உயிர் போகிற நேரத்தில்கூடக் கண்ணாடி பார்க்கிறவர்கள் உண்டு அல்லவா? சிங்காரி அந்த ரகம்.

"சிவப்பு கொஞ்சம் மேலே தூக்கித் தெரிஞ்சா எவ்வளவு அழகா இருக்கும்!" என்று அந்த நூலை மட்டும் தளர விட்டது. மற்ற இரண்டையும் இழுத்துக் கட்டியது. வளையம் பூமாலை போல வாசலில் தொங்கியது.

பொழுது சாய்ந்தது. மரப்பட்டையில் நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... சத்தம் மேலே மேலே வந்தது.

"வாசலில் தோரணமா? விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரியே இருக்கு!" என்றபடி உடும்பு தலையை நுழைத்தது.

சிங்காரி நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தது. வளையம் கழுத்தில் இறுகியது! உடும்பு மூச்சு முட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து முழுப் பலத்தோடு திமிறியது.

டப்! பச்சை அறுந்தது.

டப்! மஞ்சளும் அறுந்தது.

சிவப்பு அப்போதும் தொய்ந்தே கிடந்தது. சுருக்கு இளகியது. நகம் நீண்ட கை உள்ளே வந்து குட்டிகளைத் தேடித் துழாவியது. சிங்காரி குறுக்கே பாய்ந்தது. நகம் அதன் வாலில் மாட்டியது. வலியில் கத்தவும் வழியில்லை. வாய் திறந்தால் நூல் போய்விடும்.

உடும்பு அந்த வாலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது; இப்போதுதான் சிவப்பு விறைத்தது. ஒற்றை நூல் எவ்வளவு நேரம் தாங்கும்? அதுவும் அறுந்தது. சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்த உடும்பு கால் தவறி, சிங்காரியின் பாதி வாலோடு குளத்தில் விழுந்தது.

குட்டிகள் பிழைத்தன. அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

எதிர்க்கரையில் ஏறிய உடும்பு திரும்பிப் பார்த்தது. அதன் கழுத்தில் அறுந்த சிவப்பு நூலின் துண்டு.

"இன்னைக்கு வால்! நாளைக்குக் குட்டி!" என்று சீறியது.

மறுநாள் காலையிலேயே தையல்சிட்டு புது நூல்கள் கொண்டு வர, சிங்காரி மறுபடி சுற்றியது. மூன்றையும் சேர்த்து இழுத்துப் பார்த்தது. விரலால் தட்டிப் பார்த்தது. திருப்தி வராமல் பிரித்து மறுபடி சுற்றியது.

"சிவப்பு வெளியே தெரியலையே?" என்று கேட்டது தையல்சிட்டு.

"தெரிய வேணாம் அக்கா. தாங்கினா போதும்."

பொழுது சாய்ந்தது. புதருக்குள் ஒரு சிவப்புக் கோடு அசைந்தது. மரத்தடிக்கு வந்தது. மேலே ஏறியது. சிங்காரி நுனியைப் பல்லால் கவ்வியது.

தலை நுழைந்தது. வளையம் இறுகியது. உடும்பு திமிறியது, உருண்டது, கண் பிதுங்கியது. ஒரு நூலும் அறுபடவில்லை.

"விட்டுடு! இந்தப் பக்கமே வரமாட்டேன்!" என்று கெஞ்சிய பிறகே சிங்காரி நுனியை விட்டது.

பலர் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தில் ஒருவரை மட்டும் அழகுக்கென்று ஒதுக்கி வைத்தால், மற்றவர்கள் முறிந்தபின் அவராலும் தாங்க முடியாது.